தபால்பெட்டிக்கு மீசை

யார்க்‌ஷயர்,
டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி பெண்டாட்டி போனில் உன்னிடம் வாசித்த புகார்ப் பட்டியல் முழுக்க உண்மைதான். வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் நான் நூலகத்துக்குப் போகிறேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பாட்டிமார்களுக்கு நடுவில் உட்கார்ந்து குரோஷா பின்னுகிறேன். வீட்டில் சோபாவுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் அரிசி டப்பாவுக்குப் பின்னாலும் உல்லன் நூல்கண்டு கிடக்கிறது. ஆனால் கடைசியாக, 'குளிரில் இவருக்கு மூளை உறைந்துவிட்டது' என்று சேர்த்துச் சொன்னாளே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ சிரித்த சிரிப்பு எனக்கு அடுத்த அறை வரை கேட்டது. டிவி பெட்டிக்கு நீ பின்னிய மூடியில் ஓரத்து வேலை பாதி யாருடையது என்று கொஞ்சம் நினைத்துப் பார்த்துவிட்டுச் சிரி.

இந்த ஊர் இருட்டைப் பற்றிச் சொன்னால்தான் உனக்கு மற்றதெல்லாம் புரியும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் என்ற ஒன்றே கிடையாது. மத்தியானம் முடியும், ராத்திரி வந்துவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடுவார். நான் வேலை பார்க்கிற எக்ஸ்ரே அறைக்கோ ஜன்னல் கிடையாது. இருட்டில் கிளம்பி, இருட்டில் அடுத்தவர் எலும்பைப் பார்த்துவிட்டு, இருட்டில் வீடு திரும்புகிறேன். இதைச் சமாளிக்க இங்கே ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிலர் பப்புக்குப் போகிறார்கள். சிலர் நாய் வளர்க்கிறார்கள். பாட்டிமார்கள் பின்னுகிறார்கள். எனக்குப் பீர் ஒத்துக்கொள்ளாது, நாய்க்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர்கள் என்ன பின்னுகிறார்கள் என்பதுதான் விசேஷம். சால்வை இல்லை, ஸ்வெட்டர் இல்லை. தபால்பெட்டிக்குத் தொப்பி.

நம்மூர்த் தபால்பெட்டி மாதிரி சுவரில் தொங்குகிற சமாசாரம் இல்லை, இங்கே அது ஆள் உயரத்துக்கு இரும்பில் வார்த்த சிவப்புத் தூண். ஆந்தனி டிரலோப் என்ற நாவலாசிரியர் தபால் இலாகாவில் அதிகாரியாகவும் இருந்தார். அவர் கொடுத்த யோசனையில்தான் 1852இல் ஜெர்ஸித் தீவில் முதல் பெட்டிகளை நட்டார்கள். மறு வருஷம் இங்கிலாந்துக்கு வந்தது. பிறகு கொஞ்ச காலம் பச்சை நிறம் அடித்தார்கள். செடி கொடிக்கு நடுவில் பெட்டி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்று ஜனங்கள் புலம்பியதால் 1874 முதல் சிவப்புக்கு மாற்றினார்கள். எந்த ராஜா காலத்தில் நட்டதோ அவருடைய முதலெழுத்து பெட்டியின் வயிற்றில் இருக்கும். எங்கள் தெருமுனைப் பெட்டியில் 'ஜி.ஆர்.' என்று இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ். நம் தாத்தா காலத்து நாணயத்தில் பார்த்திருப்பாயே, அதே தாடிக்காரர்.

அந்தத் தாடிக்காரர் பெட்டியின் தலையில்தான் மாதத்துக்கு ஒரு தொப்பி ஏறுகிறது. பெட்டியின் தலையளவுக்கு ஒரு வட்டம், அதைச் சுற்றி இறங்கும் ஒரு பாவாடை, வட்டத்துக்கு மேலே பின்னிய பொம்மைகளின் காட்சி. ஒற்றைப் படிக் கொலு என்று வைத்துக்கொள். கம்பத்துக்கும் மரத்துக்கும் நூலில் சட்டை மாட்டும் கூத்தை அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துப் பெண் மாக்டா சயெக் 2005இல் தன் கடைக் கதவின் கைப்பிடியில் தொடங்கி வைத்தார் என்பார்கள். இங்கே வந்ததும் அது தபால்பெட்டியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடிதம் போடுகிற வாயை மறைக்கக் கூடாது, தபால் எடுக்கும் நேரம் எழுதிய தகட்டை மறைக்கக் கூடாது, தபால்காரர் கதவைத் திறக்க இடைஞ்சல் கூடாது. இது மூன்றும்தான் சட்டம். நாலாவதாக எழுதாத சட்டம் ஒன்று உண்டு: யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. விடியுமுன் போய், குசுகுசுவென்று பேசிக்கொண்டு, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். ஊர் முழுக்க யார் வேலை என்று தெரியும். கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று கேட்கிறாய். புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஓரமாக ஒரு பாட்டி கழி நூலை வைத்துக்கொண்டு, உருண்டையாகச் சுற்ற வழி தெரியாமல் நாற்காலி முதுகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. எதிரே போய் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். பதினாறு வயது வரை என்னை நீ பழக்கி வைத்த பழக்கம் அது, கை தானாக நீண்டுவிடுகிறது. பாட்டி ஒரு நிமிஷம் பார்த்தார். நூலைக் கையில் மாட்டினார். சுற்றி முடித்ததும் ஒரு கப் டீ கொடுத்துத் தலைமைப் பாட்டியிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தலைமைப் பாட்டி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, 'உனக்குக் கொக்கி பிடிக்க வருமா?' என்றார். நம்ம நாகர்கோவில்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

1820களிலேயே மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மாள் நம் ஊரில் லேஸ் பள்ளிக்கூடம் நடத்தினார் என்ற கதையை எடுத்துவிட்டேன். அது தலையணையில் குச்சிகளை உருட்டிப் போடுகிற லேஸ், இது கொக்கி வேலை, இரண்டும் வேறு என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

பின்னுவதில் நான் வாங்கிய முதல் பெயர் உன்னாலும் இல்லை, மால்ட் அம்மாளாலும் இல்லை. ஆறாம் வாய்ப்பாட்டால். வட்டம் தட்டையாக வர வேண்டுமானால் முதல் சுற்றில் 6 கண்ணி, பிறகு 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லையா? குறைத்தால் கிண்ணமாகக் குழியும், கூடினால் ஓரம் அலை அலையாக நெளியும். நான் வாய்விட்டு 'ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு' என்று தமிழில் சொல்லிக்கொண்டே பின்னுவேன். பக்கத்தில் இருக்கும் பாட்டி உடனே பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். கீழ்த்திசை மந்திரம் என்று நினைப்பு. எதற்குக் கெடுப்பானேன் என்று நானும் கடைசியில் ஒரு பெருமூச்சு சேர்த்துக்கொள்வேன்.

இந்த மந்திரப் பெயர்தான் அக்டோபரில் எனக்குக் கை கொடுத்தது.

இலையுதிர் காலத் தொப்பி என்றால் ஆரஞ்சும் பழுப்பும்தான். ஓக் கொட்டை, உதிர்ந்த இலை, வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் காளான், பிறகு ஒரு முள்ளெலி. முள்ளெலி என்றால் இங்கே எல்லோருக்கும் உயிர். குளிர் காலம் முழுக்க அது இலைக் குவியலுக்குள் தூங்குமாம், அதனால் தோட்டத்து இலையைக் கூட்டித் தள்ள மாட்டார்கள். நம்மூர்த் தேரிக்காட்டிலும் முள்ளெலி உண்டு என்று நான் சொன்னதும் என்னை ஏதோ சொந்தக்காரன் மாதிரி பார்த்தார்கள். இத்தனைக்கும் நடுநாயகம் பூசணி. அதைப் பின்னுவது சுலபம். பின்பக்கக் கண்ணியில் மட்டும் கொக்கியை விட்டு வரி வரியாக ஒரு நீளத் துண்டு போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து, அடியைச் சுருக்கிப் பஞ்சடைத்து, மேலும் கீழுமாக நூலை இழுத்துக் கட்டினால் சுளை சுளையாகப் பிதுங்கிக்கொண்டு வரும். மேலே பழுப்பில் ஒரு காம்பு. பழைய காலத்தில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் பேய் முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிப் போனவர்கள் அங்கே பெரிய பூசணியைப் பார்த்துக் கட்சி மாறிவிட்டார்கள்.

போன வருஷம் இந்த அக்டோபர்த் தொப்பியை இரண்டாம் நாளே யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாட்டிமார்கள் வாய்விட்டுத் திட்டவில்லை. 'ஏமாற்றமாக இருக்கிறது' என்றார்கள். ஆங்கிலேயர் அப்படிச் சொன்னால் கொலைவெறியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வருஷம் என்ன செய்யலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம். பூசணிக்கு முகம் வைப்பதே பயமுறுத்தத்தானே, எல்லாம் ஏன் பல் தேய்க்கும் விளம்பரம் மாதிரி சிரிக்கின்றன? எங்கள் ஊரில் வீடு கட்டும்போது மாட்டுகிற பூசணியைப் பார்த்தால் பெரியவர்களே எதிர் வரிசையில் நடப்பார்கள் என்றேன். தலைமைப் பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 'அப்படியானால் ஒன்று போடு' என்றார்.

போட்டேன் அக்கா. ஆரஞ்சு இல்லை, வெள்ளை நூல், நம்ம தடியங்காய் நிறம். முட்டைக் கண் இரண்டு. சிவப்பு வாய், இரண்டு ஓரமும் கோரைப் பல், தொங்கும் நாக்கு. அதற்கு மேலே கருப்பு நூலில், உள்ளே கம்பி வைத்து முறுக்கிய மீசை. கன்னத்தைத் தாண்டிப் போய் மேலே சுருண்டு நிற்கும். மாடல் யார் என்று நான் எழுத மாட்டேன். உன் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தை எடுத்துப் பார்.

மற்ற பூசணிகள் சிரித்துக்கொண்டு நிற்க, நடுவில் இவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு குழந்தை அழுதது. இரண்டாம் நாள் அதே குழந்தை அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து போட்டோ எடுத்தது. நாங்கள் குடிவந்த நாள் முதல் மழையைத் தவிர வேறொன்றும் பேசியறியாத பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரமாக வந்து, 'அந்த மனிதர் யார்?' என்று கேட்டார். ஊர்க் கண்ணையெல்லாம் வாங்கிக்கொள்கிறவர் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். 'எங்கள் வீட்டு வாசலிலும் குதிரை லாடம் அடித்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எங்களுக்குள் மழை பற்றிய பேச்சே இல்லை. இப்போது அவருடைய மூட்டுவலி பற்றி.

ஹாலோவீன் முடிந்தது. புயல் மாதிரி ஒரு காற்றடித்தது. தொப்பி அப்படியே இருந்தது. ஒரு இலைகூடத் திருடு போகவில்லை. பிளாஸ்டிக் பட்டையை இந்தத் தடவை இரட்டையாகப் போட்டிருந்தோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. பாட்டிமார்கள் மீசையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஆறாம் வாய்ப்பாடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

நவம்பரில் மீசைக்காரரை இறக்கிவிட்டோம். நவம்பர் 11 போரில் இறந்தவர்களை நினைக்கிற நாள். தொப்பி முழுக்கச் சிவப்பு பாப்பிப் பூ மட்டும், நடுவில் கருப்புப் பொட்டு. அந்த வாரம் குழுவில் யாரும் வம்பு பேசவில்லை. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள் என்பது இங்கே இளசுகளுக்குத் தெரியாது, பாட்டிமார்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2018இல் போர் முடிந்த நூற்றாண்டின்போது கதர்த் துணியில் செய்த பாப்பியை வெளியிட்டார்களாம். தலைமைப் பாட்டி அதை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக் காட்டிவிட்டு, பூக்களுக்கு நடுவில் கேந்திப் பூ நாலு பின்னித் தரச் சொன்னார். பின்னிக் கொடுத்தேன்.

பிறகு கிறிஸ்துமஸ். இதில் ராபின் என்ற சிவப்பு நெஞ்சுக் குருவி இல்லாமல் எதுவும் நடக்காது. விக்டோரியா ராணி காலத்தில் தபால்காரர்களுக்குச் சிவப்புக் கோட்டுச் சீருடை, அதனால் அவர்களையே ஜனங்கள் ராபின் என்று கூப்பிட்டார்கள். அப்படித்தான் குருவி வாழ்த்து அட்டைக்குள் புகுந்தது. முதல் கிறிஸ்துமஸ் அட்டையை 1843இல் அச்சிட வைத்த ஹென்றி கோலும் தபால் சீர்திருத்தத்தில் வேலை பார்த்தவர்தான். ஆகவே தபால்பெட்டித் தலையில் ராபின் உட்கார நியாயம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் யூடியூபில் அமெரிக்கப் பெண்மணியிடம் பின்னக் கற்றவர். அமெரிக்காவில் டபுள் என்பது இங்கே ட்ரெபிள். அவர் இங்கத்துக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்க டபுளில் பின்னித் தள்ளினார். ராபின் வான்கோழி அளவுக்கு வந்தது, இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த ஒட்டகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாகப் போட்டார்கள்.

நீ கேட்டால் சந்தோஷப்படுவது பனிப்பூ விஷயம். வெள்ளைப் பருத்தி நூலில் நட்சத்திரமாகப் பின்னி மரத்தில் தொங்கவிடுவது. எப்போதும் ஆறு முனைதான், எட்டு போட்டால் அது பனி இல்லை. ஏன் ஆறு என்று கெப்ளர் 1611இலேயே ஒரு குட்டிப் புத்தகம் எழுதி நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். பின்னி முடித்ததும் அது சொங்கித் துணியாகத் துவளும், விறைப்பாக்க வேண்டும். இங்கே சிலர் சர்க்கரைப் பாகில் முக்குகிறார்கள், சிலர் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தடவுகிறார்கள். பாகில் முக்கியதை அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தால் அடுத்த வருஷம் எலிதான் கிறிஸ்துமஸ் கொண்டாடும். நான் ஒரு வியாழக்கிழமை சோறு வடித்த கஞ்சியைக் கொஞ்சம் சுண்டவைத்து ஜாடியில் எடுத்துக்கொண்டு போனேன். பனிப்பூக்களை நனைத்து, தெர்மோகோல் பலகையில் ஆறு முனையையும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தோம். மறுவாரம் வந்து பார்த்தால் அப்பாவின் வேட்டி மடிப்பு மாதிரி மொடமொடவென்று நிற்கின்றன. கஞ்சி என்பதைப் பாட்டிமார்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். உன் தம்பி பெண்டாட்டிக்கு இதில்தான் கோபம். சாப்பிடுகிறோமோ இல்லையோ, வாரத்துக்கு இரண்டு நாள் கஞ்சிக்காகவே சோறு வடிக்க வேண்டியிருக்கிறதாம்.

ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் இப்போது குரோஷா மணி, குரோஷா மரம் என்று இரண்டு மூன்று பவுண்டுக்குக் கூடையில் கொட்டி வைத்திருக்கிறார்கள். பின்னலாடைக்கு இயந்திரம் உண்டு, குரோஷாவை நிஜமாகப் பின்னுகிற இயந்திரம் இன்னும் தொழிற்சாலைக்கு வரவில்லை. அப்படியானால் அந்த மணியை எங்கேயோ ஒருத்தி கொக்கி பிடித்துப் பின்னியிருக்கிறாள். கடைக்காரர் லாபம், கப்பல் கூலி எல்லாம் போக அவள் கைக்கு என்ன போயிருக்கும்? கோதாவரிக்கரை நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஆய்வாளர் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். உலகச் சந்தைக்கு நாள் முழுக்கப் பின்னுகிறவர்களை 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்' என்று கணக்கெழுதிக் கூலியை அமுக்குகிறார்கள் என்பதுதான் விஷயம். அதைக் குழுவில் சொன்னேன். அன்றைக்குத் தலைமைப் பாட்டி ஒரு பூவுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். இந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கினார். பெருக்கி வந்த தொகையைப் பார்த்துவிட்டு, எங்கள் பனிப்பூவை விற்பதில்லை, கொடுப்பது மட்டும்தான் என்று முடிவாயிற்று.

போன சனிக்கிழமை விடியுமுன் கிறிஸ்துமஸ் தொப்பி ஏறியது. குடில், மாதா, சூசையப்பர், ஆடுகள், அந்தப் பெரிய ஒட்டகம், அதைவிடப் பெரிய ராபின். குடில் கட்டுகிற வேலையை என்னிடம் விட்டார்கள். டிசம்பர் வந்தால் தெருவுக்குத் தெரு குடிலும் வீட்டுக்கு வீடு ஸ்டாரும் வைக்கிற ஊரிலிருந்து வந்தவனிடம் விடாமல் வேறு யாரிடம் விடுவார்கள்? கண்ணாடித் துண்டு வைத்துக் குளம் செய்து, பச்சை நூலில் புல் முளைக்க வைத்தேன். கட்டி முடிக்கிற நேரத்தில் தலைமைப் பாட்டி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே நம்ம மீசைக்காரர். தலையில் சிவப்புக் குல்லா மாட்டியிருந்தார்கள். 'நாங்கள் எல்லோரும் பேசிவிட்டோம், இவரும் இருந்தால் நல்லது' என்றார். பைபிளில் இவருக்கு இடம் இல்லையே என்றேன். 'பின்னால் நிற்கட்டும்' என்றார் பாட்டி. இப்போது மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், மூன்று ஞானியருக்குப் பக்கத்தில், அவர் கோரைப் பல்லைக் காட்டிக்கொண்டு காவல் நிற்கிறார். இந்தக் கடிதமும் அவர் காலடியில் இருக்கும் வாய் வழியாகத்தான் உனக்கு வருகிறது.

ஜனவரி 6 வரை இருக்கும். அந்தத் தேதி தாண்டி அலங்காரம் தொங்கினால் வருஷம் முழுக்கத் துரதிருஷ்டம் என்று இங்கே நம்பிக்கை. கணக்குப் படித்தவர், பல் டாக்டர், பாதிரியார் எல்லோரும் அன்றைக்கு ஏணி போட்டு அவசர அவசரமாக இறக்குவார்கள். நம்மைப் பார்த்துச் சகுனம் பார்க்கிறவர்கள் என்று எழுதி வைத்தவர்கள் இவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்கள்தானே என்று போன தடவை கேட்க நினைத்தேன். ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா, உன் கொழுந்தன் மகன் ஜனவரியில் படிக்க வருகிறானாமே. அவன் பெட்டியில் ஓரமாக இடம் பிடித்து, ஆங்கர் வெள்ளை நூல் 20ஆம் நம்பர் ஆறு உருண்டை, பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் உன் பழைய ஸ்டீல் கொக்கி, நட்சத்திர டிசைன் வரைந்த அந்த நீல நோட்டு மூன்றையும் கொடுத்துவிடு. ஊறுகாய் வேண்டாம், உன் தம்பி பெண்டாட்டி கேட்டாலும் நூல்தான் முக்கியம் என்று சொல். ஈஸ்டருக்குக் கோழிக்குஞ்சுத் தொப்பி போட வேண்டியிருக்கிறது, ஆகையால் தாமதிக்காதே. கடிதத்தைப் படித்ததும் அத்தான் கண்ணில் படாத இடத்தில் வை.

உன் தம்பி